கப்பலைச் சுற்றி ஒரு நீள்வட்டம்



வெள்ளிமலைக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கல்வராயன் மலையில் பிறந்தாலும், டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் கப்பல் எஞ்சின் ரூமுக்குப் போக ஆசைப்படுகிறவன் நான். "கடல்ல கப்பலும் கப்பலும் முட்டிக்கிட்டா என்னடா பண்ணுவே?" என்பது அம்மாவின் பயம்.

நியாயமான பயம்தான்! 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து வெளியேறிய 'பி.டபிள்யூ. மேப்பிள்' எரிவாயுக் கப்பலும், உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்' எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கொட்டிய எண்ணெய் மெரினாவையும் தாண்டிப் போனது. கல்லூரி மாணவர்கள் உட்படப் பலர் அதை வாளியால் அள்ளினார்கள். மீனை வாங்க ஜனங்கள் பயந்தார்கள். பாவம், மீனவர்களின் பிழைப்புத்தான் போனது!

அவ்வளவு பெரிய கடலில் இடமா இல்லை? இடம் உண்டு நண்பர்களே, பிரேக்தான் இல்லை! முழு வேகத்தில் போகும் கப்பலுக்கு முழு ரிவர்ஸ் கொடுத்தால், அதன் நீளத்தைப் போல் 15 மடங்கு தூரத்துக்குள் நிற்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். 200 மீட்டர் கப்பல் என்றால் 3 கிலோமீட்டர்!

அப்படியானால் எவ்வளவு தூரம் விட வேண்டும்? ஜப்பானில் ஃபூஜி, டனாகா என்ற இருவர், கப்பல்கள் உண்மையில் எவ்வளவு விலகிப் போகின்றன என்று பார்த்து அளந்தார்கள். 1971-ல் அவர்கள் சொன்ன விடை ஒரு நீள்வட்டம். கப்பல் நீளத்தைப் போல் 8 மடங்கு நீளம், 3.2 மடங்கு அகலம். நம்ம 200 மீட்டர் கப்பலுக்கு 1600 மீட்டர், 640 மீட்டர். அந்த எல்லைக்குள் அடுத்த கப்பலை விட மாலுமிகள் விரும்புவதில்லை.

1975-ல் குட்வின் என்பவர், வலப்பக்கம்தான் அதிக இடம் வேண்டும் என்று கண்டார். காரணம் புரிகிறதா? பாதைகள் குறுக்கிடும்போது, வலப்பக்கம் அடுத்த கப்பலைக் காண்பவர்தான் விலக வேண்டும் என்பது கடல் விதி.

எங்கள் மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் அப்பாவும் இதையேதான் சொல்வார்: "பனியில முன்வண்டி லைட்டைப் பாக்காதே, உன் வண்டி எங்க நிக்கும்னு பாரு!" அவர் ஃபூஜியைப் படித்தவரில்லை. அனுபவம் எந்த ஊரிலும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறது போலும்!

ராடார் தூரத்தைக் காட்டும். ஆனால் விலகுவது மனிதன் எடுக்கும் முடிவு. அதையும் கடைசி நொடியில் எடுத்துப் பயனில்லை.

நண்பர்களே! தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே கிளியரன்ஸ் விடுகிறோமே, அது வீணான இடமா? அது இல்லாவிட்டால் மெஷின் இறுகிப்போகும். கடலிலும் அந்த இடைவெளிதான் கப்பலையும் காக்கிறது, கரையில் வலையோடு காத்திருப்பவன் சோற்றையும் காக்கிறது. நாளை நாம் எந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாலும் அதை மறக்காதிருப்போம்!