கணக்குக் கேட்டால் கோபம் எதற்கு?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு, முதலாம் பராந்தகச் சோழன் காலத்தது, கி.பி. 921. ஊர்ச் சபையின் வாரியங்களில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைத் தேர்தலுக்கான குடவோலையில் எழுதக் கூடாது என்கிறது. அவர் மட்டுமல்ல, மாமனார், மருமகன், அத்தை மகன் என்று உறவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி எல்லோரையும் விலக்குகிறது. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

எங்கள் ஊர் அம்மன் கோயில் கும்பாபிஷேகம் முடிந்து மண்டலாபிஷேகமும் ஆயிற்று. வரவு செலவுக் கணக்கு இன்னும் வரவில்லை. நூறு நாள் வேலைக் கூலியில் இருந்து ஐந்நூறு ரூபாய் கொடுத்த பெரியம்மா ஒருவர் கோயில் கமிட்டியில் அதைக் கேட்டார். "அம்மன் காசை நாங்க தின்னுருவோமாத்தா?" என்று பாய்ந்தார்கள். அவர் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. ரசீதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். எனக்கு மனசு ஆறவில்லை.

நேர்மையாக உழைத்தவர்களும் அந்தக் கமிட்டியில் உண்டு. அவர்கள் பெயர் கெடாமல் இருக்கவாவது கணக்கு வேண்டும். ரசீது அடிக்கட்டைகளையும் பில்களையும் கமிட்டியில் இல்லாத இரண்டு பேர் சரிபார்க்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஆடித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வருவதற்குள் சரிபார்த்த கணக்கை மண்டபச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.