நாலு டிகிரி

பாட்டியின் பஞ்சமி நிலத்தை அளக்க லேசர் கருவியோடு போயிருந்தோம். 1892 அரசாணைப்படி வந்த நிலம். முதல் 10 ஆண்டு விற்கவே கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களைத் தவிர யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. பக்கத்து நிலத்துக்காரரின் வரப்பு வருடா வருடம் நகர்ந்து வருகிறது. மூலையில் இருந்த அளவுக்கல்லையும் காணோம்.

இருந்த ஒரே கல்லில் நின்று, எஃப்.எம்.பி. வரைபடத்தில் கணக்கிட்ட திசையில் 80 மீட்டர் அளந்தோம். வரப்பு 8 மீட்டர் உள்ளே வந்திருப்பதாகக் காட்டியது. தம்பிகளுக்கு ஒரே உற்சாகம்.

சந்தேகத்துக்கு அந்த முனையிலிருந்து திரும்பிக் கல்லைப் பார்த்து அளந்தோம். போன திசைக்கும் வந்த திசைக்கும் சரியாக 180 டிகிரி வித்தியாசம் வர வேண்டும். 176தான் வந்தது. காரணம் கல்லுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்த எங்கள் பைக்! இரும்பு அருகில் இருந்தால் காந்தமுள் அந்தப் பக்கம் சாயும். பைக்கைத் தள்ளி நிறுத்தி, செல்போன்களையும் தூரத்தில் வைத்து, கருவியை எல்லாப் பக்கமும் மெதுவாகச் சுழற்றி மறுபடி அளவுதிருத்தம் செய்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரைபடத்தின் வடக்கு வேறு, முள் காட்டும் வடக்கு வேறு. நம் பக்கம் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான், ஆனால் செட்டிங்கில் அதைப் போட்டிருக்க வேண்டும். திரும்பி அளந்து பார்த்தாலும் இந்தத் தப்பு சிக்காது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விலகும். 100 மீட்டருக்கு 1 டிகிரி என்றால் ஒன்றே முக்கால் மீட்டர் போய்விடும்.

எல்லாம் சரிசெய்து அளந்தபோது ஆக்கிரமிப்பு இரண்டரை மீட்டராகச் சுருங்கியது. "முதல் கணக்கே இருக்கட்டுமே, அவங்க எவ்ளோ எடுத்திருக்காங்க" என்றார் ஒரு தோழர். எங்களுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை.

பாட்டி விடவில்லை. "ஒரு அடி கூடச் சொன்னீங்கன்னா மிச்சத்தையும் பொய்னுடுவானுங்கப்பா. உள்ளத எழுதுங்க."

எங்கள் அளவுக்குச் சட்ட மதிப்பு இல்லை, அரசு நில அளவர் வந்து அளந்தால்தான் செல்லும். இரண்டரை மீட்டர் என்றே எழுதி, வரைபடத்தையும் இணைத்து, தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். அளவர் இன்னும் வரவில்லை.