விமானிகளை எண்ணியவர்

போர்ச் செய்திகளைப் பல ஆண்டுகள் எழுதியவன் என்பதாலோ என்னவோ, தளபதிகளின் வரலாறுகளைச் சற்று ஐயத்துடனேயே வாசிப்பது என் வழக்கம். ஹியூ டவ்டிங் அதற்கு ஒரு விதிவிலக்கு.

1882இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த அவர், இளம் பீரங்கிப்படை அதிகாரியாக இலங்கையிலும் சில காலம் பணியாற்றியவர். முதலாம் உலகப் போரில் விமானப்படையைச் சேர்ந்தார். 1916இல் சோம் சமரின்போது, களைத்துப்போன விமானிகளுக்கு ஓய்வு வேண்டுமெனத் தளபதி ட்ரென்சார்டிடம் வாதாடினார். பலன், பிரான்சிலிருந்து பிரித்தானியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

1936இல் போர்விமானக் கட்டளைப்பீடத்தின் தலைவரானார். ராடார் நிலையங்களையும் கண்காணிப்பாளர்களையும் விமானத் தளங்களையும் ஒரே வலையாகப் பின்னினார். பிரான்சைக் காக்க மேலும் விமானங்களை அனுப்பினால் பிரித்தானியாவும் வீழுமென்று 1940 மே 16இல் எழுத்தில் எச்சரித்தார். அக்கோடையில் வானில் போரிட்டோருள் அவருடைய மகனும் ஒருவர். அச்சமரில் பிரித்தானியா தப்பியது. நவம்பரில் டவ்டிங் பதவி இழந்தார்.

இழப்பு விபரம் எழுதுகையில் நாங்கள் வீழ்ந்த விமானங்களையே எண்ணினோம். அவற்றினுள் இருந்தோரை எண்ணிய மனிதருக்கோ இரு போர்களிலும் கிடைத்தது வெளியேற்றமே.