லிப்ஸ்டிக் போடாததால் போன வேலை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்றொரு ஊர். சூதாட்ட விடுதிகளுக்குப் பெயர் போனது. அங்கே ஹாராஸ் கேசினோவின் பாரில் டார்லீன் ஜெஸ்பர்சன் என்ற பெண் சுமார் இருபது வருடம் மது பரிமாறும் வேலை பார்த்தார். நல்ல ஊழியர் என்றுதான் மேலதிகாரிகளும் எழுதிவந்தார்கள்.

2000-ல் நிர்வாகம் 'பர்சனல் பெஸ்ட்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சீருடை இருபாலருக்கும் ஒன்றுதான்: கறுப்பு பேண்ட், வெள்ளைச் சட்டை, போ டை. கழுத்துக்கு மேலே போனால்தான் கதை வேறு. ஆண்கள் முடியைக் காலருக்கு மேல் வெட்டிக்கொள்ள வேண்டும், மேக்கப் கூடாது. பெண்களுக்கோ பவுடர், ரூஜ், மஸ்காரா, லிப்ஸ்டிக் நான்கும் கட்டாயம். முடியை அலங்கரித்துத் தொங்கவிடவும் வேண்டும். ஆலோசகர்கள் வந்து ஒப்பனை செய்து போட்டோ எடுப்பார்கள். தினமும் அந்த போட்டோவில் இருப்பதுபோலவே வேலைக்கு வரவேண்டும். (கல்யாணப் பெண்ணுக்குக்கூட ஒருநாள்தான் இந்தப் பாடு!)

ஜெஸ்பர்சன் மறுத்தார். மேக்கப் போட்டால் தன் கண்ணியமே போனதுபோல் இருக்கிறது, குடித்துவிட்டுத் தகராறு செய்பவர்களைச் சமாளிக்க முடிவதில்லை என்றார். மேக்கப் தேவைப்படாத வேறு வேலைக்கு விண்ணப்பிக்க முப்பது நாள் அவகாசம் தந்தார்கள். அவர் விண்ணப்பிக்கவில்லை. வேலை போனது.

வழக்கு போட்டார். நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தில் பங்குதாரராக வேண்டுமானால் பெண்மையாக நடக்கவேண்டும், மேக்கப்பும் நகையும் போடவேண்டும் என்று ஆன் ஹாப்கின்ஸ் என்பவருக்கு உபதேசம் செய்திருந்தார்கள். பெண் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பை வைத்து முடிவெடுப்பதும் பாகுபாடுதான் என்று 1989-ல் உச்சநீதிமன்றமே அந்த வழக்கில் சொல்லியிருந்தது.

ஆனால் 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்ற கணக்கில் ஜெஸ்பர்சனைக் கைவிட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி விதி இருக்கலாமாம். ஒருவருக்கு மட்டும் சுமை கூடினால்தான் தவறாம். மேக்கப்புக்குக் காசும் நேரமும் செலவாகும் என்பதற்கு அவர் ஆதாரம் தரவில்லையாம்! லிப்ஸ்டிக் கடையில் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதற்கு எந்த ஆவணத்தைக் காட்டுவது?

எதிர்த்துத் தீர்ப்பெழுதியவர்களில் ஒருவரான நீதிபதி கொசின்ஸ்கி, இதற்கெல்லாம் சாட்சி எதற்கு என்று கேட்டார். நீதிபதிகள் அனைவரும் பவுடர், ரூஜ், மஸ்காரா, லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டுதான் ஆசனத்தில் அமரவேண்டும் என்று ஒரு விதி வந்தால் எப்படி இருக்கும், கற்பனை செய்து பாருங்கள் என்றும் எழுதினார்.