ப்ளவுஸ் பிடிச்சாச்சு... மாத்திரை?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. எங்கே போனேன்னு கேட்டவங்களுக்கு: எங்கேயும் போகலை. அதே புனே, அதே ஆபீஸ், அதே டிராஃபிக். கொஞ்சம் இளைச்சிருக்கேன், அவ்வளவுதான். கொஞ்சம்னா... 38 கிலோ.

"என்ன டயட்?"னு கேட்டவங்க எல்லார்கிட்டயும் "ராத்திரி சோறு விட்டுட்டேன்"னு சொல்லி வச்சிருந்தேன். பொய். 2023 ஜூன்ல எனக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன் நடந்தது. இரைப்பையில முக்கால் பாகம்போல வெட்டி எடுத்துட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டு வைப்பாங்க. ஸ்லீவ்னு பேர். விஷயம் தெரிஞ்சது ரங்கமணிக்கும் எதிர்வீட்டு தமிழ் மாமிக்கும் மட்டும்தான். அம்பாசமுத்திரத்துல இருக்கற அம்மாவுக்குக்கூட சொல்லலை. "வயித்தை வெட்டிக்கிட்டியா"ன்னு ஒரு கேள்வி வரும், அதுக்கு போன்ல பதில் சொல்ற தெம்பு எனக்கு இல்லை.

சொல்ல வந்தது ஆபரேஷன் கதை இல்லை. அதுக்கும் முன்னாலிருந்து என்கூட இருக்கற ஒரு சின்ன வெள்ளை மாத்திரையின் கதை.

2013-ல பையன் பிறந்த கொஞ்ச நாள்லயே எனக்கு தைராய்டு சுரப்பு குறைஞ்சு போச்சு. அப்போலேர்ந்து மாத்திரை. 50 மைக்ரோகிராம்ல ஆரம்பிச்சு, எடை ஏற ஏற அதுவும் ஏறி, ஆபரேஷனுக்குப் போனப்போ 150. எடை 112 கிலோ.

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா சமையல் மேடை மேல ஒரு மெடிக்கல் ஷாப்பே இருந்தது. இரும்புச்சத்து, கால்சியம், மல்டி விட்டமின், அசிடிட்டிக்கு ஒண்ணு, கூடவே பழைய தைராய்டு மாத்திரை. காலையில மறந்துடக் கூடாதுன்னு மொத்தத்தையும் ஒரே நேரத்துல முழுங்கிட்டு ஆபீஸுக்கு ஓடுவேன். என்ன ஒரு நிர்வாகத் திறமை!

ரெண்டு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பார்த்தா டி.எஸ்.எச். 7.9. சாதாரணமா சுமார் 0.4-லேர்ந்து 4-க்குள்ள இருக்கணும். தைராய்டு ஹார்மோன் பத்தலைன்னா இந்த நம்பர் ஏறும், அதிகமானா இறங்கும். தராசுத் தட்டு மாதிரி தலைகீழ்க் கணக்கு. மாத்திரையை ஏத்துவாங்கன்னு நினைச்சுக்கிட்டு போனேன். டாக்டரம்மா ஏத்தலை. "எதை எதோட சாப்பிடறே?"ன்னு மட்டும் கேட்டாங்க. சொன்னேன். தலையில கை வச்சுக்கிட்டாங்க.

இரும்பும் கால்சியமும் வயித்துக்குள்ள தைராய்டு மாத்திரையைப் பிடிச்சு வச்சுக்குமாம், ரத்தத்துல சேர விடாதாம். நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். அது கரையறதுக்கு வயித்துல அமிலம் வேணும். வயித்தைச் சின்னதாக்கினா அமிலமும் குறையும், அசிடிட்டி மாத்திரை அதை இன்னும் குறைக்கும். எல்லாத்தையும்விட பெரிய இடி: மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு காபி கிடையாது! காலையில ரங்கமணி டிகாக்ஷன் இறக்கற வாசனையில ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்க, தெரியும் என் கஷ்டம்.

நேரத்தை மாத்தினேன். எழுந்ததும் தைராய்டு, மதியம் இரும்பு, ராத்திரி கால்சியம். அடுத்த டெஸ்டுல நம்பர் சரியாச்சு. டாக்டரம்மா "மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும், எடை இறங்க இறங்க இது மாறும்"னு சொல்லித்தான் அனுப்பினாங்க. நான்தான் போகலை. அதான் சரியாயிடுச்சே!

எடை வேகமா இறங்கிச்சு. 2024 மார்ச்ல 74 கிலோ. பெட்டியில இருந்த ப்ளவுஸ் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு டெய்லர்கிட்ட போய் பிடிச்சுத் தைக்கச் சொன்னேன். சுடிதார் பிடிச்சாச்சு, வளையல் மாத்தியாச்சு, மோதிரத்துக்கு நூல் சுத்தியாச்சு. மாத்திரை மட்டும் அதே 150.

அந்த மாசம்தான் தூக்கம் போச்சு. ரெண்டு மணிக்கு முழிச்சா விடியற வரைக்கும் ஃபேனையே பார்த்துக்கிட்டு கிடப்பேன். ஏ.சி. ரூம்ல வேர்க்கும். மீட்டிங்ல மவுஸ் பிடிச்ச கை நடுங்கும். பையன் பென்சிலைக் கீழே போட்டாக்கூட கத்துவேன். ஆபீஸ்ல ரிலீஸ் டென்ஷன், பையனுக்குப் பரீட்சை, புனே வெயில்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் கையில வச்சிருந்தேன்.

ரங்கமணி இழுத்துக்கிட்டுப் போய் டெஸ்ட் எடுக்க வச்சார். டி.எஸ்.எச். 0.04.

டாக்டரம்மா கணக்கு சொன்னாங்க. சுரப்பி அநேகமா வேலையே செய்யாதவங்களுக்கு உடம்பு எடையில கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம்னு ஒரு உத்தேசக் கணக்கு உண்டு. 112 கிலோவுக்கு 150 அதிகமில்லை. 74 கிலோவுக்கு அந்தக் கணக்குல 118தான் வருது. "நீ இப்போ இல்லாத ஒரு ஆளுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கே"ன்னாங்க. 125-க்கு இறக்கச் சொன்னாங்க. கூடவே, முடி கொட்டுதுன்னு நான் சாப்பிட்டுக்கிட்டிருந்த பயோட்டின் மாத்திரையை நிறுத்திட்டு நாலு நாள்ல திரும்ப ரத்தம் கொடுக்கச் சொன்னாங்க. பயோட்டின் சில சமயம் இந்த டெஸ்டையே ஏமாத்திடுமாம்.

இங்கேதான் நான் யார்கிட்டயும் சொல்லாத விஷயம் வருது. நான் இறக்கலை.

"பயோட்டினாலதான் நம்பர் தப்பா வந்திருக்கு"ன்னு சௌகரியமா நம்பிக்கிட்டேன். மறு டெஸ்டுக்கும் போகலை. புதுசா வாங்கின 125 டப்பா திறக்காம அப்படியே இருந்தது. உண்மைக் காரணம் வேற. அந்த மாசமும் மூணு கிலோ இறங்கியிருந்தது. மாத்திரையைக் குறைச்சா எடை திரும்பி வந்துடுமோன்னு பயம். ஸ்கூல்ல "குண்டு பூசணி"ன்னு பேர் வாங்கினவளுக்கு, கல்யாண ஆல்பத்தைப் பூட்டி வச்சவளுக்கு, அந்தப் பயம் சின்ன பயமில்லை. ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிக்கிறப்போகூட, "கொழுப்பு எரியுது"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

மூணு வாரம் போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை பையனோட பர்வதி மலைக்குப் போனோம். நூறு படிக்கு மேல இருக்கும். முன்னெல்லாம் நான் கீழேயே பையைக் காவல் காத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். ஜனவரியில முதல் தடவையா நிக்காம ஏறி, மேலேயிருந்து ஊரைப் பார்த்து அழுதேன். இந்தத் தடவை பாதிகூட ஏறலை. நெஞ்சு தொண்டைக்கு வந்துடுச்சு. கண்ணு இருட்டிச்சு. படியிலேயே உட்கார்ந்துட்டேன். தண்ணி பாட்டில் மூடியைத் திறக்க முடியாம கை ஆடுது. பையன்தான் வாங்கித் திறந்து கொடுத்தான்.

"ஏம்மா உன் கை இப்படி ஆடுது? நீ செத்துடுவியா?"

பதினோரு வயசுப் பிள்ளை. அவன் ஸ்கூல் ஓட்டப் பந்தயத்துல என்னையும் ஓட வைக்கத்தானே நான் கத்திக்குக் கீழே படுத்தேன்?

அன்னிக்கு ஈ.சி.ஜி.யில நாடி 118. நல்லவேளை, வேகம் மட்டும்தான், தாளம் தப்பலை. மறுநாள் டாக்டரம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். ரொம்ப அமைதியா சொன்னாங்க: "இப்போ இறங்கற எடையை எல்லாம் கொழுப்புன்னு நினைச்சுக்காதே. ஹார்மோன் அதிகமானா சதையும் கரையும், எலும்பும் தேயும். இப்படியே விட்டா இதயத்தோட தாளமும் தப்பலாம். நீ பிழைக்கத்தானே ஆபரேஷன் பண்ணிக்கிட்டே?"

பயோட்டின் நிறுத்தி எடுத்த டெஸ்டுலயும் அதே 0.04. சாக்கு தீர்ந்தது.

125. மாத்திரையை மாத்தினா உடம்பு ஒரு நிலைக்கு வர ஆறிலேர்ந்து எட்டு வாரம் ஆகும், அதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்துப் பிரயோஜனமில்லை. ஜூன்ல 0.3. அப்புறம் 112. ஆகஸ்டுல 1.9. ஆமாம், எடை 112-ல ஆரம்பிச்ச கதை மாத்திரை 112-ல வந்து நின்னுது! நடுவுல ரெண்டு கிலோ ஏறிச்சு. முதல் நாள் அந்த மெஷினைத் தூக்கிப் போடணும்போல இருந்தது. ஆனா தூக்கம் வந்தது. பையன்கிட்ட கத்தறது நின்னது. பர்வதி மலையும் ஏறியாச்சு, மெதுவா.

அந்த ஆகஸ்டுலதான் அம்மாவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன்.

"ரொம்ப வலிச்சுதாட்டி?"

"இல்லம்மா."

"சொல்லியிருந்தா நான் வந்து கஞ்சி வச்சுத் தந்திருப்பேனே."

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. பேச்சை மாத்தறதுக்காக, "நீ உன் தைராய்டு மாத்திரையை எப்பம்மா போடறே?"ன்னு கேட்டேன்.

"காப்பி குடிக்கையில, காப்பியோடதான். இருபது வருசமா."

இப்போ தினமும் காலையில ஆறரைக்கு அம்பாசமுத்திரத்துலேர்ந்து போன் வருது. "மாத்திரை போட்டாச்சு. காப்பிக்கு இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு?" ரெண்டு பேரும் சேர்ந்து அந்த ஒரு மணி நேரத்தை ஓட்டறோம். காபியைத் தள்ளி வச்சதால மாத்திரை இனிமே கூடுதலா சேரலாம், அதனால ரெண்டு மாசத்துல அம்மாவையும் ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. என் 112 உங்களுக்குச் சரிப்படாது. என்னை மாதிரி சிலருக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் அளவு குறையும். குடலையும் மாத்தி இணைக்கிற பைபாஸ் மாதிரி ஆபரேஷன்ல மாத்திரை சரியா உடம்புல சேராம சிலருக்குக் கூடவும் செய்யலாம். நீங்களா ஏத்தாதீங்க, நீங்களா குறைக்காதீங்க. ப்ளவுஸைப் பிடிக்கக் கொடுக்கிற அன்னிக்கே ரத்தமும் கொடுத்துட்டு வாங்க. அவ்வளவுதான் நான் சொல்றது.