மலையிலிருந்து மாநகருக்கு

கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறிச் சென்னையை நோக்கிப் புறப்படும் பயணி சற்றே திரும்பிப் பார்த்தால், மேற்கே கல்வராயன் மலைத்தொடர் நீல மதில்போல் நீண்டு கிடப்பதைக் காணலாம். தியாகதுருகத்துக் கோட்டைக் குன்றைத் தாண்டும்போது அது மங்கத் தொடங்கும். உளுந்தூர்பேட்டையில் நம் சாலை திருச்சிச் சாலையுடன் கலக்குமிடத்தில் முற்றிலும் மறைந்துவிடும். அதன்பின் விழுப்புரம், திண்டிவனம், செங்கற்பட்டு என வழிநெடுகப் பெரும்பாலும் சமநிலமே. மலை மறைந்ததை நம்மில் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சென்ற மே மாதம் என் அருகில் அமர்ந்து வந்த மூதாட்டி பொருட்படுத்தினார். "மலையக் காணலியே, சாமி" என்று இருமுறை கேட்டார். எழுபத்தைந்து வயதைக் கடந்த அவர், கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே அதுவரை வந்தவரல்லர்.

அவர் என் இளமை நண்பன் ஒருவனின் அன்னை. மலையடிவாரப் பள்ளி விடுதி ஒன்றில் நாங்கள் நால்வர் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தோம். ஒருவன் இன்று சென்னையில் அரசு அலுவலர். இன்னொருவன் மெட்ரோ இரயில் பணியில் மேற்பார்வையாளர். நான் குருமடம் சென்றேன். நான்காமவன் மலைமேலிருந்து வந்தவன், மலையாளி இனத்தவன். வாசகர்கள் இப்பெயரைக் கண்டு கேரள நாட்டை எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை ஆகிய இடங்களில் வாழும் தமிழ் பேசும் பழங்குடி மக்களே இவர்கள். தந்தை இறந்தபின் நிலத்தைப் பற்றித் தமையனுடன் மனத்தாங்கல் ஏற்பட்டு, இவன் மனைவியோடு சென்னைக்குப் போனான். கடைசியாக மலையேறிப் பதினோராண்டுகள் ஆகிவிட்டன. அரசு அலுவலில் உள்ள நண்பன் தற்செயலாக அவனைக் கண்டு எனக்குச் செய்தி சொல்ல, நான் அதை அன்னையிடம் சொல்ல, "என்னையும் கூட்டிட்டுப் போ சாமி. பிள்ளையையும் பாத்துக்கிறேன், கடலையும் பாத்துக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்தவரின் தோளில் ஒரு பெரிய துணிமூட்டை. அதை என் கையில் கொடுக்க மறுத்துவிட்டார்.

செங்கற்பட்டில் காஞ்சிபுரத்துக்குச் சாலை பிரியும் இடம் வந்ததும் அவருக்கு அதைச் சுட்டிக் காட்டினேன். இம்மக்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழிவழி வரும் மரபுச் செய்தி. அண்ணன் தம்பிகள் பிரிந்து ஆளுக்கொரு மலையைத் தேர்ந்துகொண்டார்கள் என்று கதை போகும். மூதாட்டி அந்தப் பலகையை உற்று நோக்கிவிட்டு, "அப்பயும் அண்ணந்தம்பி சண்டைதானா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை.

மலையின் பழங்கதையை இங்குச் சிறிது சொல்லியாக வேண்டும். கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலையடைந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து, 1976-ஆம் ஆண்டில்தான் அந்த ஜாகீர் முறை ஒழிந்தது. அதுவரை மலைமக்கள் ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைத்தனர். என் நண்பனின் தந்தை அவ்வாறு உழைத்தவர். தமக்கென்று ஒரு துண்டு நிலத்தைத் திருத்தி மரவள்ளியும் சாமையும் விளைவித்தபோது, அந்நிலம் அவருக்கு வெறும் நிலமாகவா தோன்றியிருக்கும்? அண்ணன் தம்பி இருவரும் அதன்பொருட்டு முகம் திருப்பிக்கொண்டதை, நகரத்தார் மனைத்தகராறுபோல் எண்ணிவிடலாகாது.

பேருந்து கிளாம்பாக்கத்தில் நின்றது. ஒருகாலத்தில் தென்னாட்டுப் பேருந்துகள் பாரிமுனை வரை சென்றன. 2002-இல் கோயம்பேட்டுக்கு மாறின. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டது. நிலையம் விசாலமானது, தூய்மையானது. ஆனால் சென்னை வந்துவிட்டோம் என்று இறங்குபவருக்கு உண்மையான சென்னை இன்னும் ஒரு மணி நேரத்துக்கு அப்பால்தான்.

நண்பனின் வீடு பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்தை அடுத்த நெருக்கமான தெருவொன்றில் இருந்தது. முதலில் கட்டட வேலைக்கு வந்தவன், இப்பொழுது வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் காவலாள். வாயிலில் என்னைக் கண்டதும், "வாங்க சாமி" என்று கைகூப்பினான். ஒரு தட்டில் சோறு பகிர்ந்து உண்டவன்! "என்னடா சாமி?" என்றேன். "இல்ல... அங்கி போட்டவரை எப்படி..." என்று தடுமாறினான். அதற்குள் அன்னை என் பின்னாலிருந்து வெளிப்பட்டார். அவர் வருவதை நாங்கள் அவனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் அழவில்லை, மகனின் முன்கையைப் பற்றி, சந்தையில் காய் பார்ப்பவர்போல் அழுத்திப் பார்த்து, "எளச்சிட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு மூட்டையை அவிழ்த்தார். சாமை அரிசி, புளி, கடுக்காய், ஒரு புட்டித் தேன். அவன்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

மறுநாள் நண்பர் நால்வரும், மூதாட்டியும், நண்பனின் மகளும் நகரம் காணப் புறப்பட்டோம். அப்பெண் அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியவள். வேளாண்மை படிக்க விரும்புகிறாள். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ இரயிலில் சென்றோம். மேற்பார்வையாள நண்பன், 2015-இல் முதல் வண்டி ஓடியதிலிருந்து, 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத்தின் மூன்று வழித்தடங்கள் வரை எங்களுக்குப் பாடம் நடத்தினான். இறங்கும் நிலையத்தில் நகரும் படிக்கட்டில் கால்வைக்க மூதாட்டி மறுத்துவிட்டார். "நடக்கிற படி போதும்" என்று சாதாரணப் படிகளில் ஏறத் தொடங்கினார். அவருக்குத் துணையாக ஏறிய நாங்கள் மூவரும் மேலே சேர்ந்தபோது மூச்சிரைத்து நின்றோம். அவர் எங்களுக்காகக் காத்திருந்தார். மலை கற்றுக்கொடுத்த கால்கள் அவை!

சென்ட்ரல் நிலையத்தருகே நாங்கள் நால்வரும் ஒருகணம் நின்றோம். 1986 பிப்ரவரி 5-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்தபோது, எங்கள் விடுதி மாணவர்களையும் அழைத்து வந்திருந்தனர். வெகுதொலைவில் ஒரு வெண்ணிறப் புள்ளியைக் கண்டோம். அதுதான் திருத்தந்தை என்று இன்றுவரை உறுதியாகச் சொல்லிவருகிறோம். அப்பயணத்தில் மூர் மார்க்கெட்டைக் காட்டுவதாக வாக்களித்திருந்தார்கள். ஆனால் 1900-இல் எழுந்த அந்தச் சிவப்புக் கட்டடம் முந்தைய ஆண்டே, 1985 மே மாதத்தில், தீக்கிரையாகிவிட்டிருந்தது. கருகிய சுவர்களைத்தான் பார்த்தோம். அதற்கு ஈடாக வண்டலூரில் அப்பொழுது புதிதாகத் திறந்திருந்த உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்றனர். எல்லாரும் கரடியைக் கண்டு ஆரவாரித்தபோது மலைநண்பன் மட்டும், "இது எங்க கொல்லையிலயே வரும்" என்று அலட்சியமாகச் சொன்னான். அன்று நாங்கள் அவனைப் பொறாமையோடு பார்த்தோம். கல்வராயன் மலைக்காரன் என்பது அந்நாளில் விடுதியில் ஒரு பெருமை.

மாலையில் மெரினா. உழைப்பாளர் சிலையடியில் சற்று நின்றோம். ஓவியக் கல்லூரி முதல்வராயிருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பட்ட சிலை அது. நால்வர் ஒரு பாறையைப் புரட்ட முயல்கின்றனர். ஆண்டுக்கணக்கில் அஸ்திவாரம் தோண்டிய நண்பன் அதைச் சுற்றி வந்து, "நாலு பேருமே நெம்புறாங்க. குரல் குடுக்கிறவன் ஒருத்தன் தனியா நிக்கணும், இல்லன்னா கல்லு அசையாது" என்று குறை கண்டான். பிறகு மீண்டும் பார்த்துவிட்டு, "ஆனா தோளு சரியா இருக்குது. வேலை செய்றவனப் பாத்துத்தான் செஞ்சிருக்காரு" என்றான். கலை விமரிசகர் யாரும் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பாரா என்பது ஐயமே. அங்கிருந்து, 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலைகளுள் ஒன்றான வீரமாமுனிவர் சிலைக்கு வந்தோம். உளுந்தூர்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகும் வட்டாரத்தில் கோணாங்குப்பத்துப் பெரியநாயகி அன்னையின் ஆலயத்தை எழுப்பியவர் அவரே என்று நான் சொன்னதும், மூதாட்டி, "அப்ப நம்ம பக்கத்து ஆளுதான்" என்று கூறிக் கும்பிட்டார். இத்தாலியில் பிறந்தவரை ஒரு சொல்லால் தென்னாற்காட்டாராக்கிவிட்டார்.

கடலருகே வந்ததும் மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "நம்ம ஆத்துத் தண்ணி இங்கதான் வந்து விழுதா?" என்று கேட்டார். கல்வராயன் மலையிலிறங்கும் கோமுகி மணிமுத்தாற்றில் சேர்ந்து, மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து, வெள்ளாறு தெற்கே பரங்கிப்பேட்டையருகே இதே கடலை அடைகிறது என்று விளக்கினேன். "அவ்வளவு தூரம் போயும் ஆத்துக்குப் பேரு மாறிப்போவுதே" என்றார். இதை அவர் வேறெதையும் குறித்துச் சொல்லவில்லை. ஆற்றைப் பற்றியே சொன்னார். ஆயினும் மகன் தலைகுனிந்து மணலைக் கிளறினான். அதன் காரணம் சற்றுப் பின்னர் வெளிப்பட்டது.

மணலில் அமர்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். பேச்சுக் கொடுத்த சுண்டல் வியாபாரி, எந்த ஊர் என்று வினவினார். நண்பன் முந்திக்கொண்டு, "சேலம் பக்கம்" என்றான். மகள் நிமிர்ந்து பார்த்தாள். வியாபாரி நகர்ந்தபின் நான் கேட்டேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்ட நாளிலிருந்து, ஊர்ப் பெயரைச் சொன்னாலே, "சாராய ஊரா?" என்கிறார்கள். கல்வராயன் மலை என்றால் இன்னும் மோசம். சாராய வேட்டைக்குப் போலீசார் மலையேறியதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் கண்டுவிட்டார்கள். காவல் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் அப்பெயர் உதவாது. ஆகவே சேலமாகிவிட்டான்.

எனக்கு அவன்மேல் சினம் எழவில்லை. மாண்டவர்களில் மிகப் பலர் அன்றாடங்காய்ச்சிகள்; அவர்களுடைய ஊர் மீது உலகம் ஒரே சொல்லை ஒட்டிவிட்டது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை, மருத்துவம், கல்வி பற்றி அரசை வினவியது. இச்செய்தியைச் சாராயச் செய்தி படித்தவர்களில் எத்தனை பேர் படித்தார்கள்?

ஆனால் மகள் வேறொன்றைச் சொன்னாள். அவளிடம் சாதிச் சான்றிதழ் இல்லை. விண்ணப்பத்தில் "மலையாளி" என்று எழுதப்போனால், "கேரளாவா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். சிரிப்பு ஒருபுறமிருக்க, சட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தமிழ்நாடு முழுமைக்கும் பொருந்தாது. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சி என்னும் பழைய மாவட்டங்களின் பெயரோடுதான் அது பட்டியலில் நிற்கிறது. தென்னாற்காடு விழுப்புரமாகி, விழுப்புரத்திலிருந்து 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தது. என்றாலும் உரிமை அந்த மண்ணை ஒட்டியதே. சென்னையில் பிறந்த பெண் தன் தந்தையின் ஊரைக் காட்டியாக வேண்டும். பழங்குடியினருக்கு நம் மாநிலத்தில் உள்ள ஒதுக்கீடு ஒரு விழுக்காடு. அந்த ஒன்றுக்கும் கதவு கல்வராயன் மலையில்தான் இருக்கிறது.

"உங்கிட்ட இருந்த சர்ட்டிபிகேட் எங்கடா?" என்று அரசு அலுவல் நண்பன் கேட்டான். விடுதிக் காலத்துத் தகரப் பெட்டியில் இருந்தது. பெட்டி அண்ணன் வீட்டில். இந்நேரம் எறிந்திருப்பான் என்றான். அதுவரை அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி திரும்பினார். "உம் பொட்டிய அவன் தொடவே இல்ல. பரண் மேலதான் இருக்குது. வருசா வருசம் பொங்கலுக்கு இறக்கித் தொடச்சி வெப்பான்" என்றார். நால்வரில் யாரும் அதன்பின் சற்று நேரம் வாய்திறக்கவில்லை. மகள்தான் பாட்டியின் கையைப் பிடித்து அலைக்கு அழைத்துச் சென்றாள்.

அடுத்த நாள் சாந்தோம் பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, இலஸ் ஆலயத்தையும் பரங்கிமலையையும் விரைவாகப் பார்த்தேன். அவை பற்றி நம் ஏடுகளில் பலமுறை எழுதப்பட்டுள்ளமையால் இங்கு விரிக்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பும் பேருந்தில் எங்களோடு தந்தையும் மகளும் ஏறினர்.

மலையில் அவனுடைய அண்ணன் வாசலுக்கு வந்தார், நலம் விசாரிக்கவில்லை. உள்ளே சென்று பரண்மேலிருந்து பெட்டியை இறக்கித் தம்பியின் முன் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். பள்ளி மாற்றுச் சான்றிதழின் ஓரத்தை எலி கடித்திருந்தது. சாதிச் சான்றிதழில் முத்திரை தெளிவாக இருந்தது. அன்றே விண்ணப்பத்தைப் பதிந்தோம். வருவாய்த் துறையினர் விசாரணைக்கு வந்த நாளில், "இது என் தம்பி மகள்" என்று அண்ணன் வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்திட்டார். நிலத்தைப் பற்றிய பேச்சை இருவரும் இன்னும் எடுக்கவில்லை.

இதை எழுதும் நாள்வரை சான்றிதழ் வந்து சேரவில்லை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது என்கிறார்கள். மூதாட்டி சந்தைக்கு இறங்கும் நாளெல்லாம் பங்கு இல்லத்தின் வாயிலில் நின்று, "காயிதம் வந்துதா, சாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.