பூச்சியத்தில் தொடங்கும் இலக்கம்

நான் தாய்லாந்தில் ஒரு கிறிஸ்தவப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன் என்று தெரியவந்தால், பெச்சில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அப்ப மதம் மாத்தத்தான் போனியா?" பாதிப் பகிடி, பாதி சீரியஸ். கன்டீனில் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் நேரத்துக்குள் அதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் 2021 ஏ.எல். பரீட்சை தள்ளித் தள்ளிப் போய் 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. ரிசல்ட்ஸ் வந்தது ஓகஸ்ட் கடைசியில். கம்பஸ் எப்போது கூப்பிடுவார்கள் என்று எந்த முடிவும் இல்லை. நாடு அப்போது இருந்த நிலைமையைச் சொல்லத் தேவையில்லை, நீங்களும் லைனில் நின்றவர்கள்தான். அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்துச் சபைக்கு வந்துபோகும் போதகர் ஒருவர், சியாங் மாய் பக்கம் தனக்குத் தெரிந்த சபை நடத்தும் ஒரு சின்னப் பாடசாலைக்கு உதவி டீச்சர் ஒருவர் தேவை என்றார். நவம்பரில் இருந்து மார்ச் வரை, அவர்களுடைய இரண்டாம் தவணைக்கு. டிக்கட், சாப்பாடு, தங்க இடம், கொஞ்சம் கைச்செலவுக்காசு. சம்பளம் கிடையாது.

அம்மா யோசித்தார். என் அம்மாயிதான் ஒரே சொல்லில் முடித்தார்: "போயிட்டு வரட்டும். நம்ம வீட்ல இதுக்கு முன்னாடி யாரு பாஸ்போட் எடுத்திருக்கா?"

அங்கே எனக்குக் கிடைத்தது ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் இருபத்தாறு பேர். நம்முடைய முன்பள்ளி மாதிரியான அந்த வகுப்புகளை 'அனுபான்' என்கிறார்கள். காலை எட்டு மணிக்குக் கொடி ஏறும், தேசிய கீதம். அதற்குப் பிறகு சின்ன ஜெபம். பிறகு வரிசையாக வந்து கை கூப்பி வணக்கம் வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குள் வருவார்கள். டீச்சரை 'குரூ' என்றுதான் கூப்பிடுவார்கள். நம்ம குருதான். ஆனால் பேச்சில் அந்த 'ர' விழுந்துவிடும். அதனால் ஐந்து மாதமும் நான் 'கூ'. "கூ! கூ!" என்று இருபத்தாறு பேர் கத்தினால் குயில் தோப்புக்குள் நிற்கிற மாதிரி இருக்கும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு பிரஷ்ஷோடு வரிசையில் நின்று பல் துலக்குவார்கள். அப்புறம் பாய் விரித்து எல்லோரும் தூங்க வேண்டும். முதல் நாள் அந்த வரிசைப் பாய்களைப் பார்த்தபோது எனக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராதான் ஞாபகம் வந்தது. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போனபோது நான் படுத்துக் கிடந்த இடம். தூங்காத பிள்ளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு காலை மட்டும் ஆட்டும். அங்கேயும் அதே வேலைதான் செய்தார்கள்.

என் வேலை இங்கிலீஷ். தாய் பாஷையில் சொல்லின் கடைசியில் 'ல்' என்ற சத்தம் வராது, 'ன்' ஆகிவிடும். அதனால் அப்பிள் என்று நான் சொன்னால் அவர்களுக்கு அது 'அப்பென்', ஃபுட்போல் 'ஃபுட்போன்'. இதைத் திருத்தத்தான் வெளிநாட்டு டீச்சர் வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அவர்கள் மனதில் இருக்கிற வெளிநாட்டு டீச்சர் வெள்ளைக்காரர் என்பது வேறு கதை. முதல் வாரம் ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, என்னோடு வகுப்பெடுத்த தாய் டீச்சரிடம் மெதுவாக ஏதோ கேட்டார். நான் எந்த நாடு என்று கேட்டிருக்கிறார். அந்த டீச்சரை நான் 'பீ' என்று கூப்பிடுவேன், அக்கா, அண்ணா இரண்டுக்கும் அதே சொல்தான். பீ என்ன பதில் சொன்னாரோ, அந்த அம்மா அடுத்த வாரத்தில் இருந்து எனக்கும் வணக்கம் வைத்தார்.

இப்போது அந்த மதக் கேள்விக்கு வருகிறேன். பீ ஒரு பௌத்தர். கழுத்தில் சின்னப் புத்தர் படம் பொறித்த தாயத்து தொங்கும். ஜெப நேரத்தில் அவரும் தலை குனிந்து நிற்பார். வகுப்பில் டவுனில் இருந்து வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பௌத்த வீட்டுப் பிள்ளைகள். நத்தார் நாடகத்தில் மேய்ப்பனாக நடித்த பையன், நவம்பரில் வாழைத்தண்டில் பூ வைத்துக் கட்டிய குட்டித் தெப்பத்தை லோய் கிரத்தோங் இரவில் ஆற்றில் விட்டவன்தான். அவனுக்கு இரண்டிலும் ஒரு குழப்பமும் இருக்கவில்லை. இரண்டு நாளும் புது உடுப்பு, இரண்டு நாளும் இனிப்பு.

அந்த ஊருக்குக் கிறிஸ்தவம் வந்தது 1867இல், டேனியல் மெக்கில்வரி என்ற அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் மிஷனரி சியாங் மாய்க்கு வந்தபோது. இரண்டு வருடத்தில், புதிதாக மதம் மாறிய இரண்டு பேரை அப்போதைய சியாங் மாய் ஆட்சியாளரின் கட்டளையில் கொன்றுவிட்டார்கள். மத சுதந்திரப் பிரகடனம் வந்தது 1878இல்தான். அதற்குப் பிறகு மிஷன் பாடசாலைகளும் ஆஸ்பத்திரிகளும் வளர்ந்தன. ஆனால் இன்றைக்கும் தாய்லாந்தில் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒருவர்தான். பாடசாலையை எடுத்துக்கொண்டார்கள், மதத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பிறகு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கிய கதை நமக்குத் தெரியும். இங்கிலீஷுக்காக மிஷன் வாசலுக்குப் போன பெற்றோரின் கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஆனால் இது டவுன் பிள்ளைகளின் கதை. அந்தப் பாடசாலையோடு ஒரு ஹொஸ்டலும் இருந்தது. மலைக் கிராமங்களில் இருந்து வந்த பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். அவர்களில் அதிகம் பேர் கரேன் பிள்ளைகள். பர்மாவிலும் வடதாய்லாந்தின் மலைகளிலும் வாழும் ஒரு மக்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். என் வகுப்பில் அப்படி ஐந்து பேர். அந்த ஐந்தில் ஒரு பெண் பிள்ளை, பெயரை எழுதவில்லை, நவம்பர் முழுக்க ஒரு சொல்லும் பேசவில்லை.

நான் இங்கிலீஷில் கேட்டால் பேசாது. பீ தாய் பாஷையில் கேட்டாலும் பேசாது. பாட்டுக்கு வாயசைக்காது. படம் மட்டும் நன்றாக வரையும், மலை, வீடு, பன்றி. டவுன் பிள்ளைகள் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஹொஸ்டலில் பெரிய வகுப்பில் படிக்கும் ஒரு பெண்தான் டிசம்பர் தொடக்கத்தில் எனக்கு விஷயத்தைச் சொன்னாள்: "அவளுக்குத் தாய் தெரியாது கூ. வீட்டில் கரேன்தான்."

அதாவது ஒன்பது மணியில் இருந்து மூன்று மணி வரை அந்தப் பிள்ளை தனக்குத் தெரியாத இரண்டு பாஷைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் 'இரண்டாம் மொழி' என்று இங்கிலீஷைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம், அதற்கு அது மூன்றாவது. கச்சேரிக்கோ பொலிஸுக்கோ போய், சிங்களத்தில் நிரப்ப வேண்டிய போமைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் என் அம்மாவை நான் சின்ன வயதில் இருந்து பார்த்திருக்கிறேன். வீட்டில் அவ்வளவு வாய் பேசுகிற மனுஷி, அங்கே ஒன்றும் பேசமாட்டார். அந்த மௌனத்தை எனக்கு அடையாளம் தெரியும்.

ஹொஸ்டல் பெண்ணிடம் கேட்டு நான் கொஞ்சம் கரேன் சொற்கள் பழகினேன். 'தா ப்ளூ' என்றால் நன்றி. ஒரு நாள் அந்தப் பிள்ளை எனக்குக் கலர்பென்சில் எடுத்துத் தந்தபோது "தா ப்ளூ" என்றேன். அது என்னைப் பார்த்து, பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, சிரிக்கத் தொடங்கியது. என் உச்சரிப்பு அவ்வளவு மோசம். அதற்குப் பிறகு என்னைத் திருத்துவதுதான் அதன் வேலை. பென்சிலுக்கு, தண்ணீருக்கு, நாய்க்கு ஒரு சொல் தரும், நான் பிழையாகச் சொல்ல வேண்டும், அது சிரிக்க வேண்டும். ஜனவரியில் முதல் முதலாக 'டோக்' என்றது. எனக்கு முன்னால் அதுதான் டீச்சர் ஆனது, பிறகுதான் மாணவி.

ஞாயிற்றுக்கிழமை ஹொஸ்டல் பிள்ளைகளோடு அவர்களுடைய சபைக்குப் போவேன். அங்கே அந்தப் பிள்ளை வாய் நிறையப் பாடும். பாட்டுப் புத்தகம் கரேன் எழுத்தில் இருந்தது. அந்த எழுத்தை 1830களில் பர்மிய எழுத்தை வைத்து உருவாக்கியவர் ஜொனத்தன் வேட் என்ற அமெரிக்க பப்டிஸ்ட் மிஷனரி. வாரத்தில் ஐந்து நாளும் அந்தப் பிள்ளையின் பாஷைக்கு எங்கள் வகுப்பில் இடம் இல்லை. ஞாயிறு மட்டும் கோயிலுக்குள் இருந்தது. மிஷனரிகள் எல்லாவற்றையும் அழித்தார்கள் என்று சொல்கிற நண்பருக்கும், மிஷனரிகள்தான் எல்லாம் தந்தார்கள் என்று சொல்கிற எங்கள் போதகருக்கும் நான் இந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும். எழுத்தைத் தந்ததும் அவர்கள் வழிதான், அதே வழியில் வந்த பாடசாலையில் அந்த எழுத்துக்குப் பாடவேளை இல்லை என்பதும் உண்மைதான்.

பெப்ரவரி கடைசியில் புகை வந்தது. வயலும் காடும் எரியும் காலம், மலைகள் முழுக்க மறைந்துவிடும். பிள்ளைகளை வெளியே விளையாட விடமுடியாது. டவுனில் எல்லோரும் "மலைக்காரங்கதான் எரிக்கிறாங்க" என்பார்கள். மலையில் கம்பனிக்காகச் சோளம் போடுகிறவர்களும் எரிக்கிறார்கள் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. யன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருந்த அந்த நாட்களில் ஒன்றில்தான் பீ ஒரு பெயர்ப் பட்டியலைத் தந்து, இலக்கங்களைச் சரிபார்க்கச் சொன்னார். எனக்குத் தாய் எழுத்து வாசிக்கத் தெரியாது, இலக்கம் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பதின்மூன்று இலக்கம். எல்லாம் 1இல் தொடங்கின. மூன்று மட்டும் 0இல். பிழையாக அடித்துவிட்டார்கள் என்று பீயிடம் காட்டினேன்.

"பிழை இல்லை. அவங்களுக்கு நாடு இல்லை" என்றார்.

தாய்லாந்தில் பிறந்து வளர்ந்தும் பிரஜாவுரிமை இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அதிகம் பேர் மலைவாழ் மக்களும் எல்லையோர மக்களும். எந்தப் பத்திரமும் இல்லாத பிள்ளையும் பாடசாலைக்குப் போகலாம் என்று 2005இல் அமைச்சரவை முடிவெடுத்தது. அதனால் வகுப்பில் இடம் உண்டு. ஆனால் வளர்ந்த பிறகு வேலை, பயணம், காணி என்று ஒவ்வொரு வாசலிலும் அந்தப் பூச்சியம் முன்னுக்கு நிற்கும். 2018இல் தாம் லுவாங் குகைக்குள் சிக்கிய உதைபந்தாட்டப் பிள்ளைகளை ஞாபகம் இருக்கும். முதலில் உள்ளே போன பிரிட்டிஷ் சுழியோடிகளோடு இங்கிலீஷில் பேசியவன் 14 வயது அதுல் சாம்-ஒன். எல்லையோர ஊரான மே சாயில் ஒரு சபையின் பராமரிப்பில் வளர்ந்த பையன். அவனுக்கும் அப்போது பிரஜாவுரிமை இல்லை. அவனுக்கும் அணியில் இன்னும் இரண்டு பையன்களுக்கும் பயிற்றுநருக்கும் அதே வருடம் ஓகஸ்டில்தான் கிடைத்தது. உலகமே பார்த்த பிறகு.

அந்த மூன்று பூச்சியத்தில் ஒன்று என் 'தா ப்ளூ' பிள்ளையுடையது.

அன்றிரவு வட்ஸ்அப்பில் அம்மாயியிடம் சொன்னேன். என் அம்மாயி பிறந்தது 1950இல், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பிறந்தவர், அதனால் பிறக்கும்போதே நாடு இல்லாதவர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரை இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தபோது அவருக்கு 14 வயது. அவருடைய அண்ணன் ஒப்பாரிக் கோச்சியில் ஏறித் தலைமன்னார் வழியாகப் போனவர், பிறகு பார்க்கவில்லை. அம்மாயிக்குப் பத்திரம் கிடைத்தது 1988 சட்டத்துக்குப் பிறகு, நாற்பது வயதை நெருங்கும்போது. அதற்குள் அவருடைய கொழுந்துப் பறிப்புக் காலம் பாதி முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம்? தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. ஒரே அறை, ஒரே மாஸ்டர்.

"அந்தப் புள்ள பள்ளிக்கூடம் வருதுல்ல?" என்று கேட்டார்.

"வருது அம்மாயி."

"அப்ப என்னைவிட மேல."

ஐந்து மாதம் வந்துபோகிற தொண்டர்களால் என்ன பிரயோசனம் என்று நானும் நிறைய யோசித்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டியது அடிக்கடி மாறாத முகம். ஒவ்வொரு தவணையும் ஒரு புதுக் 'கூ' வந்து பாட்டுப் பாடிவிட்டுப் போவதைவிட, கரேன் தெரிந்த ஒரு டீச்சர் பத்து வருடம் அந்த வகுப்பில் இருந்தால் ஆயிரம் மடங்கு நல்லது. மார்ச்சில் கிளம்பும்போது இதைத்தான் பாடசாலைப் பொறுப்பாளரிடம் சொன்னேன், ஹொஸ்டலில் பெரிய வகுப்பில் படிக்கிற அந்தப் பெண்ணைக் காட்டினேன். அவளுக்கு டீச்சராகத்தான் ஆசை. அவளுடைய இலக்கமும் பூச்சியத்தில் தொடங்குவதுதான் பிரச்சினை என்றார் அவர்.

ஆகவே, மதம் மாற்றினேனா என்றால், இல்லை. அந்தப் பிள்ளை ஏற்கெனவே கிறிஸ்தவப் பிள்ளை. மேய்ப்பனாக நடித்த பையன் இன்னும் பௌத்தன்தான் என்று நினைக்கிறேன். இரண்டு பேரையும் ஒரே பாயில் தூங்க வைத்த இடம் அந்தப் பாடசாலை. அரசாங்கம் எண்ணாத பிள்ளைக்கும் ஒரு பல் பிரஷும் ஒரு பெயர்ச் சீட்டும் அங்கே இருந்தன. அது பெரிய விஷயம். அந்தப் பிள்ளையின் பாஷைக்கும் ஒரு பாடவேளை இருந்திருந்தால் இன்னும் பெரிய விஷயம்.

2024 ஒக்டோபர் கடைசியில், கிட்டத்தட்ட 4 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு நிரந்தர வதிவிடமும் பிரஜாவுரிமையும் கிடைக்கும் வழியை விரைவாக்க தாய்லாந்து அமைச்சரவை சம்மதித்தது. அப்போது நான் லீவுக்கு வீட்டில் இருந்தேன். செய்தியை அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அவ்வளவாகச் சந்தோஷப்படவில்லை. ஒப்பந்தம் ஒரு வருடம், பத்திரம் வேறொரு வருடம் என்பதை வாழ்ந்து பார்த்தவர்.

"பத்திரம் வரும்போது வரட்டும்" என்றார். "அதுக்குள்ள அது படிச்சிரணும்."